விடிலியில் வாசித்த கட்டுரை

கட்டுரை திருத்த உட்கார்ந்தால் எனக்கு இன்றைக்கும் ஓலைப்புகை மணக்கிறது. கூடவே தாச்சியில் பொங்கி அடங்கும் பதநீரின் ஆவி, கலயத்துச் சுண்ணாம்பு, தண்ணீர் தெளித்த செம்மணல். இருப்பதோ சென்னையில், மூன்றாவது மாடியில், கம்ப்யூட்டர் முன்னால். எண்பதுகளில் எழுதிய பனைக் கட்டுரையைப் புத்தகத்துக்காக மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். எடுத்த அன்றே தெரிந்துவிட்டது, சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. ஒவ்வொரு பத்தியும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

பாளையங்கோட்டையில் சாத்தான்குளம் பஸ்ஸுக்காக நாம் நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். கட்டபொம்மன் பஸ். வண்டி நிற்குமுன்னே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், சாக்கு விழும், சில நேரம் பிள்ளையே உள்ளே போகும். சாத்தான்குளம் தாண்டினால் மண் சிவக்கத் தொடங்குகிறது. அப்புறம் தேரி. ஆனி, ஆடிக் காற்றில் அந்த மணல் ரோட்டுக்கே ஏறி வந்துவிடும். பனை, பனை, அதற்கும் பின்னால் பனை. நடுநடுவே உடைமரமும் கொல்லாமரமும். புளியமரத்தடியில் இறங்கி ஊருக்கு மணலில் நடக்கவேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது நீங்களாகக்கூட இருக்கலாம். காற்று அடிக்க அடிக்க மேலே காய்ந்த ஓலைகள் உரசிக்கொண்டே வரும். ஊர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும்.

தமிழ் எம்.ஏ. கடைசி வருஷத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை கொடுக்கவேண்டும். கூடப் படித்தவர்கள் சிலப்பதிகாரம் என்றும் மு.வ. நாவல் என்றும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஏனோ எங்கள் ஊர்ப் பனைத் தொழில்தான் மனசில் நின்றது. வாத்தியார் வீட்டு அலமாரியில் ‘ஆராய்ச்சி’ இதழ்கள் அடுக்கியிருந்தன. நா. வானமாமலை 1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து தொடங்கிய இதழ். நூல் பிரிந்து, ஓரம் மடங்கி, அந்துருண்டை வாசனையோடு இருக்கும். அதில் வில்லுப்பாட்டைப் பற்றி, கதைப்பாடலைப் பற்றி, நாட்டுப்புறச் சனங்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோதுதான், என் ஆச்சி செய்கிற வேலையும் ஏட்டில் ஏறத் தகுந்தது என்ற தைரியம் வந்தது. வாத்தியார் தலைப்பைப் பார்த்தார். “வீட்டைப் பத்தி எழுதப்போறே. வீட்டுல உள்ளவங்களுக்கும் புரியற மாதிரி எழுது” என்றார். அந்தச் சொல்லை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

முதல் பிரதி சித்தப்பா கடைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியது. முன்னால் அரைக்கிலோ துவரம்பருப்பு, பின்னால் அலகுப்பனையும் பருவப்பனையும். ஆண்மரம் அலகு, பெண்மரம் பருவம் என்பது ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் கட்டுரை என்று வந்துவிட்டால் புத்தகமும் வேண்டுமே. கால்டுவெல் இடையன்குடிக்கு 1841-இல் வந்தவர். திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி 1849-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1917-இல் பேட் தொகுத்த திருநெல்வேலி கெசட்டியர் தேரி மணலைப் பற்றிச் சொல்கிறது. பனைக்கு 801 பயன் உண்டு என்று ‘தால விலாசம்’ சொல்வதாக எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. ஜெராக்ஸ் எடுக்கக் காசு ஏது? எல்லாம் கையால் பார்த்து எழுதியதுதான். பிரில் மை விரலில் ஊறி, சாப்பிடும்போது சோற்றில்கூட நீலம் ஒட்டும்.

கால்டுவெல் நூலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உழைக்கிற சனத்தை அது தாழ்த்திப் பேசியது. படித்தவர்களுக்கு அது நெஞ்சில் தைத்தது. எதிர்த்தவர்களில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை முக்கியமானவர். மிஷனரிகளை விட்டுப் பிரிந்து 1857-இல் பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டுவிட்டார். இதையெல்லாம் என் கட்டுரையின் முதல் பகுதியில் பெருமையாக அடுக்கியிருந்தேன். ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சுருக்கிச் சொல்வதில் அந்த வயதில் ஒரு மிடுக்கு இருந்தது.

பங்குனி பிறந்துவிட்டால் ஆச்சியை வீட்டில் பார்க்க முடியாது. விடிலியில்தான் இருப்பாள். நாலு பக்கமும் ஓலைத்தட்டி, மேலே ஓலைக்கூரை, குனிந்துதான் உள்ளே போகவேண்டும். நடுவில் அடுப்பு. அதன்மேல் தாச்சி. விடியுமுன்னே பெரியப்பா காட்டுக்குள் போயிருப்பார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து முதல் எட்டு வைத்து, தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளோடு ஏறுகிறார். பாளையை ஒரு சீவு. கலயத்தை மாற்றுகிறார். இறங்குகிறார். அடுத்த மரம். கலயத்தோடு கலயம் இடிக்கும் அந்தச் சத்தத்தை வைத்து, எந்த மரத்தில் இருக்கிறார் என்று ஆச்சி விடிலிக்குள் இருந்தே சொல்லுவாள். பதநீர் வந்து சேர்ந்ததும் வடிகட்டித் தாச்சியில் ஊற்றுவாள். மட்டை, காய்ந்த ஓலை, உடைமுள், கிடைத்தது எல்லாம் அடுப்புக்குள் போகும். நுரை பொங்கி விளிம்புக்கு வரும் நேரம் பார்த்து, நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றை உள்ளே போடுவாள். நுரை அப்படியே படிந்துவிடும். சின்ன வயதில் அது எனக்கு மந்திரம். கட்டுரையில் அதற்கு நாலு வரி ஒதுக்கியிருந்தேன்.

என் வேலை சிரட்டை. தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, மணலில் வரிசையாகப் பதித்து வைக்கவேண்டும். சாய்ந்தால் ஆச்சிக்குப் பிடிக்காது. சிரட்டை அடுக்கி முடித்துவிட்டு, பாகு பதத்துக்கு வருகிற வரைக்கும் இருக்கிற அந்த நீண்ட காலைப்பொழுதில்தான் கட்டுரையை எடுத்து வாசித்தேன். வேறு எந்த நேரத்திலும் அவளுக்குக் கை ஒழியாது. அப்போதும் ஒழிந்துவிடாது, துடுப்பு கையில் இருக்கும், காது மட்டும் என் பக்கம்.

கால்டுவெல் பகுதியை வாசித்தேன். ஒரு ஆள் எத்தனை மரம் ஏறுவார், எத்தனை தடவை ஏறுவார் என்று வெள்ளைக்காரர் எழுதியிருந்ததைப் பேச்சுத்தமிழில் எடுத்துச் சொன்னேன். ஆச்சி துடுப்பை நிறுத்தவில்லை.

“எத்தன தடவ ஏறுவாகன்னு எழுதியிருக்காரு. எறங்கி வந்து என்ன குடிப்பாகன்னு எழுதியிருக்காராளா?”

“இல்ல ஆச்சி.”

“அப்ப அத நீ எழுது.”

எழுதினேன். விடிலியிலேயே, சாக்கில் உட்கார்ந்து, பென்சிலால். முதல் சுற்று முடிந்து இறங்கினால் நீத்தண்ணி, உப்பும் சின்ன உள்ளியும். வெயில் ஏறினபிறகு ஒரு பட்டை பதநீர், மாங்காய் கீறிப் போட்டது. குருத்தோலையை மடித்து ஈர்க்கால் முடிந்த அந்தப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே கொண்டுபோகிறபோது முதலில் ஓலை மணக்கும், பிறகுதான் பதநீர். சில நாள் கொதிக்கிற பதநீரிலேயே பயறு அவியும். தோல் நீக்கிய புளியமுத்தை வேகவைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு அதுதான் தீனி. ஆச்சி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே போனேன். கட்டுரையின் நடுப்பகுதி இப்படி வந்து சேர்ந்ததுதான். அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தால் ஓரங்களில் பழுப்பாகக் கைரேகை. கருப்பட்டி ஒட்டின விரல். ராத்திரி பைக்குள் எறும்பு வந்துவிடும், தாளை உதறித்தான் மறுநாள் வாசிக்கவேண்டும்.

விடிலியில் வாசிக்கிறாள் என்று தெரிந்ததும் ஆள் சேர ஆரம்பித்தது. கீழத்தெரு மதினி ஓலை முடைந்துகொண்டே கேட்பாள். அத்தை வெற்றிலைப் பையோடு வந்துவிடுவாள். பெரியப்பா மத்தியானம் மரத்திலிருந்து இறங்கியபிறகு வந்து, வாசலில் குந்தி உட்கார்ந்து, பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்பார். பாளையை இடுக்கியால் நெரிக்கிற இடத்தில் நான் எழுதியிருந்த வரிசையை அவர் எழுந்து நின்று செய்து காட்டினார். கையில் இடுக்கி இல்லை, பாளையும் இல்லை, வெறும் விரல்களை வைத்து அலகுப்பாளைக்கு எப்படி, பருவப்பாளைக்கு எப்படி என்று. அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். 801 பயன் என்று வாசித்த அன்று சண்டையே வந்தது. மதினி எண்ண ஆரம்பித்தாள். நுங்கு, பழம், கிழங்கு, தவுன், நார், மட்டை, பெட்டி, பாய், விட்டம், கைமரம், விறகு. அத்தை இடையில் புகுந்து, எழுதின ஓலையை விட்டுவிட்டாயே என்றாள். ஜாதகம், கணக்கு, புத்தகம் எல்லாம் ஓலைதானே. எழுத்து வாசனை இல்லாத அத்தைக்குத்தான் அது ஞாபகம் வந்தது. எண்ணிக்கை எங்கே போய் நின்றது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் பாகு பதம் வந்துவிட்டது, எல்லோரும் எழுந்து சிரட்டைக்கு ஓடினோம்.

முதல் வார்ப்பில் ஒரு சிரட்டைக் கருப்பட்டி குலசை முத்தாரம்மனுக்கு என்று எடுத்துவைப்பாள் ஆச்சி. இரண்டாவது, கையில் தொட்டால் சுடுகிற பதத்தில், அந்த நேரம் யார் வந்தாலும் அவர்களுக்கு. மிச்சம் பரணுக்கு. அடுப்புப் புகை ஏறி ஏறி மழைக்காலம் வரைக்கும் கசியாமல் இருக்கும்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டை. வாத்தியார் சிவப்பு மையில் திருத்துவார். எழுத்துச் சீர்திருத்தம் 1978-இலேயே வந்துவிட்டது, நாங்கள் புது எழுத்தில்தான் எழுதினோம். அவர் கை மட்டும் பழசை விடவில்லை. ஓரக்குறிப்பில் ‘னை’யும் ‘லை’யும் மேலே வளைந்த பழைய கொம்போடு நிற்கும். என் நீலத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கொம்புகளைப் பார்க்கவே அழகு. ‘சான்று?’ என்று அடிக்கடி கேட்பார். ஆமணக்கு முத்துக்குப் பக்கத்திலும் ‘சான்று?’. என் ஆச்சி என்றேன். அப்படியானால் தகவலாளி பட்டியலில் முறையாகப் போடு, அவர்களுடைய பெயர் கடைசிப் பக்கத்தில் நிற்கட்டும் என்றார்.

அந்தப் பட்டியலைத்தான் ஆச்சி மிகவும் கவனமாகக் கேட்டாள். பெயர், வயது, ஊர், தொழில். வயது அவளுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் போன வருஷம் உன் அப்பன் கைப்பிள்ளை, நீயே கணக்குப் போட்டுக்கோ என்றாள். தொழில் என்ற இடம் வந்ததும், “வீட்டுவேலைன்னு போட்டுறாதளா” என்றாள். கருப்பட்டி காய்ச்சுதல் என்று எழுதி, வாசித்துக் காட்டினேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள். அத்தையும் மதினியும் தங்களுக்கும் அதையே போடச் சொன்னார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அரிவாள் தீட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

ஊர்க்காரர்கள் மட்டுமா திருத்தினார்கள், அரசாங்கமும் திருத்தியது. நான் எழுதத் தொடங்கியபோது நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். 1986 அக்டோபரில் சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தது. ஒவ்வொரு பக்கமாக அடித்து எழுதினேன். (பிற்பாடு அது தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. இப்போது கம்ப்யூட்டரில் ஒரே தட்டலில் மாறிவிட்டது.) 1987 பிறந்ததும் கள்ளுக்குத் தடை வந்தது. ஊரில் ஒரே பதற்றம். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் மரத்தில் கலயம் தொங்குவதைப் பார்த்தாலே சந்தேகம் வருகிற காலமாகிவிட்டது. “சுண்ணாம்பப் பின்னால போட்டிருக்கியா? அத முன்னால எடுத்துட்டு வா” என்றார் பெரியப்பா. கத்தரிக்கோலால் அந்தப் பத்தியை வெட்டி, சோற்றுப்பசையால் முதல் பக்கத்தில் ஒட்டினேன். அந்த ஒட்டுத் தாள் இப்போதும் விறைப்பாக இருக்கிறது.

கடைசியில் தட்டச்சு. மார்க்கெட் பக்கத்து மாடியில் அந்த அண்ணாச்சி, விசைகளைப் பார்க்காமலே அடிப்பார். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். கார்பன் தாளின் எண்ணெய் வாசனையும் கீழே இருந்து வரும் வாழைத்தார் வாசனையும் கலந்து கிடக்கும். பாளை நெரிப்பு வந்த இடத்தில் நிறுத்தி, “எங்க அய்யாவும் ஏறினவருதாம்மா” என்றார். அப்புறம் அந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாக அடித்தார். மூன்றாவது நகல் என்னுடையது. ஊதா மங்கி, சில வரிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. அதை வைத்துத்தான் இப்போது வேலை நடக்கிறது.

வேலை நடக்கிறது என்றால், கணினித் திரையின் ஓரத்தில் குறிப்புகள் வருகின்றன. புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் நல்ல உழைப்பாளி. ஒரு ஒற்றைக்கூட விடமாட்டாள். அவள் குறிப்புக்கு நான் பதில் எழுதுகிறேன், அவள் சரி என்று மூடுகிறாள். இரண்டுபேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் இருக்கிறோம். பேச்சுச் சத்தம் கிடையாது. ஒருநாள் பழக்கதோஷத்தில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்தேன். பக்கத்து அறையிலிருந்து மகன் வந்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டான்.

போன கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். நாம் நடந்த மணல்பாதையில் இப்போது சிமெண்டு ரோடு. விடிலி இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆச்சி இல்லை, பெரியப்பா இல்லை, அத்தை இல்லை. மதினி மகனோடு மும்பையில் இருந்தவள், அங்கேயே போய்ச் சேர்ந்தாள். நிறைய மரங்கள் செங்கல் சூளைக்குப் போயிருந்தன. பனையை 1978-லேயே மாநில மரம் என்று அறிவித்தாயிற்று. கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்ற அறிவிப்பு 2021 வேளாண் பட்ஜெட்டில்தான் வந்தது. நிற்கிற மரங்களில் பாளை வந்து, யாரும் சீவாமல், காய்ந்து தொங்குகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மனசார சந்தோஷப்பட்டேன். ஆனால் கடைக் கருப்பட்டியை உடைத்தால் பலதிலும் சீனிப்பாகு மின்னுகிறது. ஆச்சி அதைக் கையில் வாங்கியே இருக்கமாட்டாள். பாளை சீவுகிற சிலர் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பட்டையில் பதநீர் கேட்டேன். பிளாஸ்டிக் டம்ளரில் தந்தார். குடித்தேன், ருசி மாறவில்லை. ஓலை மணம்தான் இல்லை.

திரும்பி வந்து கட்டுரையைத் திறந்தால் பதினோராம் பக்கத்தில் ஒரு குறிப்பு காத்திருந்தது. பாகு இறக்குகிற பதம் எது என்பது என் பிரதிகளில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதாம். பென்சில் பிரதியில் வாசனையை வைத்து. பில் தாளில் ஒட்டியிருந்த துண்டில் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்து. தட்டச்சுப் பிரதியில் நுரையின் நிறத்தைப் பார்த்து. எது சரி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. பழைய தாள்களையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் விளங்கியது. வாசனை ஆச்சியுடையது. அவள் கண்ணை மூடிக்கொண்டே இறக்குவாள். தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பது கீழத்தெரு மதினி. நுரை மஞ்சள் மாறி ஓரம் சுருங்குவதைப் பார்த்து இறக்குவது அத்தை. வாசித்த அன்றைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்கள் தங்கள் பதத்தைச் சொல்லியிருக்கிறார்கள், நான் எழுதியிருக்கிறேன். மூன்று விடிலியிலும் கருப்பட்டி நன்றாகத்தான் உறைந்தது.

ஒன்றையும் எடுக்கவேண்டாம், மூன்றும் சரி என்று பதில் எழுதினேன். மூன்று பதத்தையும் தனித்தனியே விரித்து, யார் யாருடையது என்று பெயர் போட்டு, தகவலாளி பட்டியலை அப்படியே பின்னால் சேர்த்து நேற்று ராத்திரி அனுப்பிவிட்டேன். அந்தப் பகுதி ஒரு பக்கத்துக்குமேல் நீண்டுவிட்டது. இடம் போதாது என்று வந்தால் கால்டுவெல் பகுதியைச் சுருக்கித் தருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன்.